கதவிடுக்கில் பிறந்த ஆண் பிள்ளை

குழந்தை என் கைக்கு வந்துவிட்டது. தொப்புள்கொடியை இன்னும் வெட்டவில்லை. அதற்குள் வெளியே வெடி வெடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு வெடி, இரண்டு வெடி என்றால் பரவாயில்லை. ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தில், உச்சிக் கிளையிலிருந்து தரை வரைக்கும் தொங்கவிட்டிருந்த சரம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தட்டில் இருந்த கத்தரிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஆடின. வெடிமருந்துப் புகை உள்ளே வந்து பினாயில் வாசனையை அமுக்கிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நானே கையில் வாங்கிய முதல் பிரசவம் அது. பிறந்த குழந்தை அழுகிறதா என்று முதலில் கேட்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம். எங்கே கேட்பது? வாய் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, சரி, அழுகிறது போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன்.

அந்தச் சத்தத்தையும் மீறிக்கொண்டு வெளியிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஆம்பளப் பிள்ளை. ஏலே காளி, ஆம்பளப் பிள்ளைலே."

நான் குனிந்து என் கையில் இருந்ததைப் பார்த்தேன். பெண் குழந்தை. புதுசு ஆயிற்றே, தப்பாகப் பார்த்திருப்பேனோ என்று இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் பெண் குழந்தைதான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது ஏன் என்று உங்களுக்கு விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வர வேண்டும்.

ஆடு தின்ற தொப்பி

நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு ஒரு தகரப்பெட்டியோடு நான் விருதுநகரில் வந்து இறங்கியதைப் போன வாரம் சொல்லியிருந்தேன். நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதுசு. கிராமத்துப் பெரியவர்கள் அப்போதும் ஊரை விருதுபட்டி என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் அப்பா திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். என்னையும் டீச்சராக்கிப் பார்க்க அவருக்கு ஆசை. ஆனால் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு மேல் எனக்கு ஏறவில்லை. "எமிலி, கர்த்தர் உனக்கு வேற வழி வச்சிருப்பார்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டார். நர்ஸ் வேலையில் பெருக்கல் கிடையாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் சேர்ந்தது சின்ன பிரசவ ஆஸ்பத்திரி. சிவகாசி, எம். புதுப்பட்டி, ஏழாயிரம்பண்ணை என்று சுற்று வட்டாரம் முழுக்க அங்கேதான் வரும். வருகிற பெண்களில் பாதிப் பேர் தீப்பெட்டிக் கம்பெனி, மீதிப் பேர் வெடிக் கம்பெனி. பேச்சும் அப்படியே இருக்கும். முதல் வாரம் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, "சிஸ்டர், லோடு எறங்கிருச்சா?" என்று கேட்டார். லாரி ஆபீஸ் அடுத்த தெருவில் என்று நான் கையைக் காட்டினேன். பெண்டாட்டிக்குப் பிரசவம் ஆயிற்றா என்று கேட்க வந்த மனிதர் பாவம், பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

எங்களுக்குத் தலைமை மேட்ரன். நெட்டையான அம்மா. சிரித்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் என்னை மட்டும் கொஞ்சம் உரிமையாக, அதாவது இன்னும் கொஞ்சம் அதிகமாக, திட்டுவார்.

முதல் திட்டு தொப்பிக்காக. நர்ஸ் தொப்பி விறைப்பாக நிற்க வேண்டும், அதற்குக் கஞ்சி போட வேண்டும். நான் எங்கள் வீட்டுப் பழக்கத்தில் கெட்டியான சோற்றுக்கஞ்சியில் முக்கிக் கொடியில் காயப்போட்டேன். காலையில் போனால், தொப்பி ஒரு ஆட்டின் வாயில் இருக்கிறது. நான் இழுக்க, ஆடு இழுக்க, கடைசியில் ஆளுக்குப் பாதி. மிச்சப் பாதியை மடித்துக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

"ஏட்டி எமிலி, தலையில என்ன அது?" என்றார் மேட்ரன்.

"தொப்பி மேடம்."

"தொப்பி மாதிரி தெரியலியே. ஆடு மேஞ்ச மாதிரில்லா இருக்கு."

அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

இரண்டாவது திட்டு காய்ச்சலுக்காக. பிள்ளை பெற்றவர்கள் இருக்கும் வார்டில் ஒரு நாள் மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், ஒருத்தி விடாமல் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றுகிறது. முகமெல்லாம் சிவந்திருக்கிறது. வார்டு முழுக்கத் தொற்றுக் காய்ச்சல் பரவிவிட்டது என்று மேட்ரனிடம் ஓடினேன். அவர் வந்தார். ஒரு தலையணையைத் தூக்கினார். கீழே சுக்கும் மிளகும் பூண்டும் கருப்பட்டியும் போட்டு இடித்த மருந்து உருண்டை. அடுத்த தலையணை. அங்கேயும் உருண்டை. வார்டு முழுக்க மாமியார்கள் கொண்டுவந்து ஒளித்து வைத்த பிரசவ மருந்து. ஒரே நேரத்தில் எல்லோரும் தின்றிருக்கிறார்கள்.

"உனக்கும் ஒண்ணு தரச் சொல்லவா? மூளைக்கு நல்லது" என்றார் மேட்ரன்.

இப்படி இரண்டு வகையில் பேர் வாங்கிய பிறகுதான் செல்லத்தாயின் பிரசவம் என் கைக்கு வந்தது.

மூன்று தடவை திரும்பிப் போன சரம்

செல்லத்தாய்க்கு அது நாலாவது. வீட்டில் ஏற்கனவே மூன்று பெண்கள். அதிகம் பேசமாட்டாள். வலி எடுத்தால்கூடக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாளே தவிரச் சத்தம் போடமாட்டாள். அவளுக்கும் சேர்த்து அவள் மாமியார் குருவம்மாள் வெளியே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

குருவம்மாள் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்குகிறவர். மரச் சட்டத்தில் வரிசை வரிசையாகக் குச்சிகளை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குக் கண்தான் முக்கியம். "ஒரு சட்டத்துல ஒத்தக் குச்சி கோணலா இருந்தாலும் இந்தக் கண்ணு பிடிச்சிரும்" என்று வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னார். மற்றவர்கள் சட்டத்தில் சந்தேகம் வந்தாலும் கணக்கப்பிள்ளை இவரைத்தான் கூப்பிடுவாராம். காதில் தண்டட்டி ஆட ஆட, ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கண்ணின் பெருமையைச் சொல்வார் என்று கணக்கே இல்லை.

மகன் காளியப்பனுக்கு எம். புதுப்பட்டியில் வெடிக் கம்பெனியில் வேலை. நல்ல மனிதர். வெடிமருந்துக்குப் பயப்படமாட்டார், ஆத்தாவுக்குப் பயப்படுவார்.

அவர் கூட்டாளிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் வீட்டில் பிரசவம் என்றால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு முழம் சரவெடி கொடுப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னி ஒரே சரமாக்கி ஆஸ்பத்திரி வாசலில் கட்டிவைத்துக் காத்திருப்பார்கள். ஆண் பிள்ளை என்றால் கொளுத்த வேண்டும். பெண் பிள்ளை என்றால் அவிழ்த்துச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

மூத்த பெண் பிறந்தபோது காளியப்பன் சுருட்டிக்கொண்டு போனார். இரண்டாவதுக்குக் கூட்டாளிகள் இன்னும் கொஞ்சம் சேர்த்தார்கள், அதையும் சுருட்டிக்கொண்டு போனார். மூன்றாவதுக்கு இன்னும் சேர்ந்தது. இப்போது நாலாவதுக்கு அவர் தோளில் சுமந்து வந்த சரத்தைப் பார்த்து நான் கிணற்றுக் கயிறு என்றுதான் நினைத்தேன்.

"இத்தனை வருஷமா அதை அடுப்புக்கு மேல பரண்ல வச்சிருந்தானாம்" என்று மேட்ரன் என்னிடம் சொன்னார். "அந்த வீட்டைக் கர்த்தர் தனியா பாத்துக்கிடுதார்."

அவர் சொன்ன இன்னொன்றைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் வார்டு ஜன்னலுக்கு நேரே நின்றுதான் சரத்தைச் சுருட்டுவாராம். செல்லத்தாய் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாளாம். பிள்ளை பெற்ற உடம்போடு அதையும் ஒருத்தி பார்க்க வேண்டுமா?

இந்தத் தடவை அதற்கு மேலும் ஒன்று சேர்ந்திருந்தது. கட்டிலைச் சுற்றி எல்லோரும் கேட்கும்படியாகக் குருவம்மாள் சொல்லிவிட்டார்: "இதுவும் பொட்டப்பிள்ளைன்னா, ஆத்தாளையும் மகளையும் சேத்து அருப்புக்கோட்டை பஸ்ஸுல ஏத்தி விட்டுருவேன். அவ அப்பன் வீட்டுலயே கெடக்கட்டும். எம் மகனுக்கு வேற வழி எனக்குத் தெரியும்."

அந்த அம்மா சொன்னதைச் செய்கிற ஆள். அது வார்டில் எல்லோருக்கும் தெரியும். செல்லத்தாய்க்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

நஞ்சு இன்னும் வரவில்லை

பிரசவ அறைக் கதவு கீழே இறங்கிப்போன பழைய கதவு. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு உண்டு. அதில் துணியை அடைத்து வைப்போம். வெளியே நிற்கிற மாமியார்கள் குச்சியால் குத்தி அதை உள்ளே தள்ளிவிட்டு, ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். குருவம்மாளிடம் குச்சிக்கா பஞ்சம்?

குழந்தை வந்தவுடன் நான் இரண்டு கையாலும் தூக்கி மேட்ரனுக்குக் காட்டினேன். கொடி இன்னும் அறுபடாமல் குழந்தையின் இரண்டு காலுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் இருந்த அந்தக் கண் அதைப் பார்த்தது. பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது. மீதியை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

"கொடியைப் பாத்துட்டுப் போயிட்டா" என்றார் மேட்ரன். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன்.

கொடியை வெட்டிக் கட்டினேன். குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றிச் செல்லத்தாயிடம் காட்டினேன். வெடி இன்னும் ஓயவில்லை. காட்டும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினாள்.

சற்று நேரத்தில் நஞ்சுக்கொடியும் சுகமாக வந்து சேர்ந்தது. மேட்ரன் அதைப் பேசினில் வாங்கி, புரட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். நான் கதவை நோக்கி ஓடினேன். ஓடிப்போய், கொளுத்தாதீர்கள், இது பெண், நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். அது என் கடமை என்று நினைத்தேன்.

செல்லத்தாய் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இப்போதுதான் பிள்ளை பெற்றவள் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லவில்லை.

"எங்க போறீக நர்சம்மா?"

"வெளியே சொல்லணும்லா. தப்பா நினைச்சு வெடி போடுதாக."

"வெடிச்சு முடியட்டும்."

"செல்லத்தாய், அது..."

"மூணு தடவை வெடிக்காமத் திரும்பிப் போச்சு நர்சம்மா. இவளுக்காவது வெடிக்கட்டும். அம்புட்டும் வெடிக்கட்டும். பெறகு போய்ச் சொல்லுங்க."

மேட்ரனைத் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை பிறந்தால் முதலில் சொந்தக்காரர்களிடம் காட்ட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஒரு நிமிஷம் தாமதித்தால் தோலை உரிப்பார்.

மேட்ரன் பேசினை எடுத்து மேசைக்கு அடியில் வைத்து, காலால் உள்ளே தள்ளினார்.

"நஞ்சு இன்னும் வரல. நஞ்சு வரும் முன்னே கதவைத் திறக்கக் கூடாது" என்றார். "உக்காரு எமிலி."

உட்கார்ந்தேன். மூன்று பெண்களும் பச்சைக் குழந்தையும் உள்ளே, வெடி வெளியே. சரம் முடிந்தது என்று நினைத்தால், எதிர்த்த பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்னொரு சரம். தீபாவளி சீசன் ஆரம்பித்திருந்த சமயம். பையில் நாலு சாம்பிள் வெடி இல்லாத மனிதரே அங்கே கிடையாது. காளியப்பனுக்கு ஆண் வாரிசு என்று கேள்விப்பட்டு ஆளாளுக்குக் கொளுத்தினார்கள். ஓலை வெடி, குருவி வெடி என்று செல்லத்தாய் சத்தத்தை வைத்தே எனக்குப் பேர் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். குழந்தை தூங்கிவிட்டது.

கண்ணுக்கு வந்த சோதனை

கதவைத் திறந்ததும் குருவம்மாள் கை நிறையச் சீனியோடு உள்ளே வந்தார். என் வாயில் கொஞ்சம் போட்டார். மேட்ரன் வாயிலும் போட்டிருப்பார், மேட்ரன் பின்வாங்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ச் சீனி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். டிரைவர், கண்டக்டர், டீக்கடைக்காரர், யாரையும் விடவில்லை.

வாயில் சீனியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டுச் சொன்னேன். "பெரியம்மா, பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகமா இருக்காக."

அவர் சிரித்தார். "வெளையாடாத தாயி."

துணியை விலக்கிக் காட்டினேன். சிரிப்பு நின்றது. குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேட்ரனைப் பார்த்தார்.

"இது எங்க பிள்ளை இல்ல" என்றார். "நான் இந்தக் கண்ணால பாத்தேன். ஆம்பளப் பிள்ளை. பிள்ளையை மாத்திட்டீக."

"அத்தை, எனக்குப் பெறந்தது இவதான்" என்றாள் செல்லத்தாய்.

"நீ சும்மா கெட. நீ மயக்கத்துல கெடந்தே, ஒனக்கு என்ன தெரியும்?"

சொல்லிவிட்டு அவர் விடுவிடுவென்று வார்டுக்குப் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். அங்கே அருளம்மா டீச்சர் என்று ஒருவர், அன்று காலையில்தான் ஆண் பிள்ளை பெற்றிருந்தார். மூன்றாம் வகுப்பு எடுக்கிறவர், குரல் கணீரென்று இருக்கும். குருவம்மாள் நேரே போய் அவர் பிள்ளைமேல் கையை வைத்தார்.

"இந்தா இருக்கான்ல எங்க பிள்ளை."

"பெரியம்மா, கையை எடுங்க" என்றார் டீச்சர். "இவன் காதைப் பாருங்க. எங்க வீட்டுக்காரர் காது அப்படியே இருக்கு. ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க."

குருவம்மாள் காதைப் பார்த்தார். முறம் போல இரண்டு காது. ஒரு கணம் யோசித்தார்.

"எங்க காளிக்கும் சின்னதுல இந்தக் காதுதான்" என்றார்.

"அவருக்கு இப்ப சின்னக் காதா இருக்கே."

"வளர வளரச் சுருங்கிருச்சு."

இதைக் கேட்டு வார்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குருவம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன் என்கிறார். புது நர்ஸ் பிள்ளையை மாற்றிவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பினால் என் வேலை போய்விடும், அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரு பக்கம் பயம். ஆனால் உண்மையில் எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றுக்கு. பெண்ணாகப் பிறந்தது போதாது என்று, இது எங்கள் பிள்ளையே இல்லை என்று ஆகிவிட்டால், அந்தச் சின்ன உயிருக்கு அப்பன் வீடும் இல்லை, எந்த வீடும் இல்லை. அதற்குள் வார்டுக்குக் கொண்டுவந்துவிட்ட செல்லத்தாய் தன் கட்டிலில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். கோபம் இல்லாதபோது அது என்ன செய்கிறது என்று தெரியாது.

"பெரியம்மா" என்றேன். "உங்க கண்ணு தப்பாப் பாக்காதுல்லா?"

"பாக்காது."

"அப்ப சரி. வெளியே நின்னு அதே இடுக்கு வழியாப் பாருங்க. நான் ஒவ்வொரு பிள்ளையாத் தூக்கிக் காட்டுதேன். உங்க பிள்ளை எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மேட்ரன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் தடுக்கவில்லை. டீச்சர் தன் பிள்ளையைக் கொடுத்தார், வேடிக்கை பார்க்கும் ஆசையில்தான். செல்லத்தாய் தன் மகளைக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்து எதையோ புரிந்துகொண்டு கொடுத்தாள்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு பிரசவ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே குருவம்மாள் இடுக்கில் கண்ணை வைத்தார். அவர் பின்னால், நடக்க முடிந்த அத்தனை தாய்மாரும் நின்றார்கள். முதலில் டீச்சரின் பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன்.

"இது இல்ல" என்றது குரல். "நான் பாத்தது இப்பிடி இல்ல."

ஆண் பிள்ளையையே இல்லை என்று சொல்லியாயிற்று. வெளியே டீச்சர், "நான்தான் சொன்னேன்லா" என்றார்.

அடுத்து, ஒரு பாண்டேஜ் துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாக முறுக்கினேன். செல்லத்தாயின் மகளைத் தூக்கி, அந்தத் துணி வயிற்றிலிருந்து காலுக்கு நடுவே தொங்கும்படி விரலால் பிடித்துக்கொண்டேன்.

"இதுதான்" என்று கத்தினார் குருவம்மாள். "இதேதான். நான் பாத்த பிள்ளை இவன்தான். சத்தியமா இதுதான் எங்க பிள்ளை."

கதவைத் திறந்தேன். குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். முறுக்கிய துணி என் கையில் இருந்தது.

அவர் துணியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடியும் துணியைப் பார்த்தார். அந்த வார்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீக சிஸ்டர், வலிக்கி" என்று அழுதார்கள். மேட்ரன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிக்கிறவர் அவர்.

"கம்பெனியில தெரிஞ்சா என்ன ஆகும் பெரியம்மா?" என்றார் டீச்சர், விடாமல். "கோணல் குச்சியைப் பிடிக்கிற கண்ணு, ஆணா பொண்ணான்னு பிடிக்கலைன்னு சொல்லுவாகளே. கணக்கப்பிள்ளை அப்பறம் உங்களைக் கூப்பிடுவாரா?"

குருவம்மாள் முகம் விழுந்துவிட்டது. வார்டுக்குள் வந்து செல்லத்தாயின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். குழந்தை மடியில் இருந்தது, கீழே வைக்கவும் தோன்றவில்லை அவருக்கு. சத்தியம் செய்து தன் பிள்ளை என்று சொல்லியாயிற்று. இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது.

அந்தச் சமயம் பார்த்துக் காளியப்பன் வந்தார். முகமெல்லாம் கரி, தலைமுடியில் வெடிக் காகிதம், பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஆத்தா, எங்க எம் மகன்?"

செல்லத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

குருவம்மாள் மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"மகனா? எவன்லே சொன்னான் மகன்னு?"

"நீதான ஆத்தா சொன்ன."

"நான் பிள்ளை பெறந்திருக்குன்னு சொன்னேன். வெடிச் சத்தத்துல ஒனக்குக் காது அடைச்சிருக்கு. பொட்டப்பிள்ளைலே. பாரு, மூக்கும் முழியுமா."

"அப்ப... வெடி போட்டுட்டோமே."

"போட்டா என்ன? பொட்டப்பிள்ளைக்குப் போட்டா வெடிக்காதா? வெடிச்சுச்சா இல்லையா?"

"வெடிச்சுச்சு."

"அப்பறம் என்னலே."

காளியப்பன் எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார், அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். காளியப்பன் குனிந்து மகளைப் பார்த்தார். அவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வந்தது.

செல்லத்தாய் கண்ணைத் திறந்தாள்.

"அத்தை, அப்ப மூத்தது மூணுக்கும்?" என்றாள் மெதுவாக.

குருவம்மாள் அவளை முறைத்தார். கிடைத்ததோடு விடக்கூடாதா இந்தப் பெண் என்று எனக்கு இருந்தது.

"தீபாவளி வருதுல்ல" என்றார் குருவம்மாள். "அதுகளுக்கும்தான் போடுவான். வாயை மூடிட்டுப் படு. பச்ச ஒடம்பு."

எந்த பஸ்

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் பட்ட பாடு சொல்லி முடியாது. ஏழாயிரம்பண்ணைக்காரி ஒருத்தி, "புதுப்பட்டிக்காரி மகளுக்கு மட்டும் வெடி, எம் மகளுக்கு இல்லையா?" என்று புருஷனைப் பிடித்துக்கொண்டாள். பெண் பிறந்தால் வெடி, ஆண் பிறந்தால் வெடி, யாருக்கும் ஒன்றும் பிறக்காத அன்றைக்கு ஒத்திகைக்கு வெடி. கடைசியில் மேட்ரன் வேப்பமரத்தில் வெடி போடக் கூடாது என்று பலகை மாட்டினார். அதற்கப்புறம் எதிர்த்த புளியமரத்தில் போட்டார்கள்.

ஆனால் செல்லத்தாய் வீட்டுக்குப் போகிற நாள் வரைக்கும் எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். வார்டில் பத்துப் பேர் முன்னால் வீராப்பாகச் சொன்னது வேறு. ஊருக்குப் போகிற வழியில் மனசு மாறினால் யார் கேட்பது? ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரேதான் பஸ் ஸ்டாண்டு. துவைத்த துணிகளைக் கொடியில் போடுகிற சாக்கில் நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். திரும்பிப் பார்த்தால் மேட்ரனும் ஒரு துணியை வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த அம்மா துணி காயப்போட்டதைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

முதலில் அருப்புக்கோட்டை பஸ் வந்தது. அவர்களுக்கு நேராகவே வந்து நின்றது. செல்லத்தாய் கையில் துணி மூட்டை, குருவம்மாள் கையில் குழந்தை. குருவம்மாள் பஸ்ஸைப் பார்த்தார். நான் ஒரே துணியை மூன்று தடவை உதறினேன். பஸ்ஸிலிருந்து கிளம்பிய புழுதி குழந்தை முகத்துக்கு வந்தது. குருவம்மாள் முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு, டிரைவரின் அப்பா தாத்தா வரைக்கும் இழுத்துத் திட்டினார். பஸ் போய்விட்டது.

அடுத்து சிவகாசி வழியாகப் புதுப்பட்டி போகிற பஸ் வந்தது. செல்லத்தாய் முதலில் ஏறினாள். பின்னாலேயே குருவம்மாள் ஏறினார். அன்றைக்குச் சீனி வாங்கித் தின்ற அதே கண்டக்டர் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆத்தா, பேரனைக் கூட்டிட்டுப் போறீகளா?" என்றார் அவர்.

குருவம்மாளின் குரல் ரோட்டைத் தாண்டி எங்கள் கொடி வரைக்கும் கேட்டது.

"ஒனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? பாத்தா தெரியல? பொட்டப்பிள்ளைலே. வெடி போட்ட பிள்ளை. தள்ளு, எம் மருமக உக்கார எடம் விடு."